சாய்ந்த வெயிலில் எழும் ஊர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷைரில் வார்ரம் பெர்சி என்று ஓர் ஊர் இருந்தது. இன்று அங்கே போனால் பெரும்பாலும் கூரை இல்லாத தேவாலயமும் புல்வெளியும்தான் கண்ணில் படும். உச்சிவெயிலில் அந்தப் புல்லில் நடந்தால் கால் கொஞ்சம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதே இடத்தைக் குளிர்கால மாலையில் விமானத்திலிருந்து படம் எடுத்தால், தெருவும் மனையும் கொல்லையும் கோடு போட்டது போலத் தெரியும்.

எல்லாம் வெயிலின் சாய்வு செய்யும் வேலை. இடிந்த வீட்டுச் சுவரின் அடிப்பகுதி புல் மூடி 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை நண்பகலில் அங்கே சூரியன் சுமார் 59 டிகிரி உயரத்தில் இருக்கும். நிழல் 18 சென்டிமீட்டரைத் தாண்டாது. சூரியன் 10 டிகிரிக்கு இறங்கியதும் அதே மேடு 1.7 மீட்டருக்கு நிழலை நீட்டும். ஆனால் வெயில் வரும் திசையிலேயே நீளும் மேட்டுக்கு நிழல் சரியாக விழாது. அதனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பல படங்கள் வேண்டும்.

சரி, படத்தை எப்படி வாசிப்பது? குழிந்து ஓடும் அகலமான கோடு, ஊர்த் தெரு. மனிதரும் மாடும் வண்டியும் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த பள்ளம் அது. அதை ஒட்டி வரிசையாகக் கட்டம் கட்டமாக இருப்பவை மனைகள். ஒவ்வொரு மனைக்குப் பின்னாலும் ஒரு நீளக் கொல்லை.

ஊரைத் தாண்டினால் வயல்கள். என்னை அதிகம் ஈர்ப்பது இவைதான். இடைக்கால இங்கிலாந்தின் கனத்த கலப்பை மண்ணை வலப்பக்கம் மட்டுமே புரட்டும். நிலத்துண்டின் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உழுதால், வருஷா வருஷம் மண் நடுவில் சேர்ந்து நீள மேடாகிவிடும். அப்படிப் பல மேடுகள் அலை அலையாகக் கிடக்கும். அவை நேராகவும் இருக்காது. கண்ணாடியில் தெரியும் ஆங்கில எஸ் எழுத்து போல லேசாக வளைந்திருக்கும். எட்டு எருதுகள் வரை பூட்டிய நீண்ட ஏரை வயல் முனையில் சட்டென்று திருப்ப முடியாது. முனை வருவதற்கு முன்பே உழவர் எருதுகளை ஒரு பக்கமாகத் திருப்பத் தொடங்குவார். அந்தத் திருப்பம்தான் வளைவாக மண்ணில் தங்கிவிட்டது. பேர் தெரியாத ஓர் உழவரின் கைப்பழக்கத்தை இத்தனை நூற்றாண்டு கழித்து ஆகாயத்திலிருந்து பார்க்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஊர் அழிந்தது 1348–49 கொள்ளைநோயால் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் நோய்க்குப் பிறகும் அங்கே ஆள் இருந்தார்கள். கடைசிக் குடும்பங்களை 1500-ஐ ஒட்டி, செம்மறி ஆடு வளர்ப்பதற்காக வெளியேற்றினார்கள். அப்புறம் அங்கே பெரிதாக ஏர் ஓடவில்லை. மேடுகள் கரையாமல் நின்றதற்குக் காரணம் அந்த மேய்ச்சல் நிலம்தான்.

உழுது மட்டமாக்கிய இடத்தில் நிழல் உதவாது. அங்கே பயிர் காட்டிக்கொடுக்கும். பழைய பள்ளத்தில் மண் ஆழமாக இருப்பதால் ஈரம் தங்கும், பயிர் உயர்ந்து பசுமையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் வேர் இறங்க வழியில்லாமல் சீக்கிரம் வெளுத்துவிடும். வறட்சிக் கோடையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மரம் மூடிய இடத்துக்கு லைடார் இருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, இலை இடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்டவை திரும்பிவரும் நேரத்தை அளக்கிறார்கள். அதில் கிடைக்கும் நிலவரைபடத்தில் கணினிச் சூரியனை எந்தத் திசையிலும் வைத்துப் பார்க்கலாம், உண்மைச் சூரியன் வரவே வராத வடக்கிலும்கூட.

ஆனாலும் மண்வெட்டி வேண்டும். வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் 1950-களின் தொடக்கம் முதல் 1990 வரை கோடைதோறும் வார்ரம் பெர்சியில் தோண்டினார்கள். மேலே தெரிந்த மேடுகள் கடைசியாகக் குடியிருந்தவர்களின் வீடுகள் மட்டுமே. ஒரு குடியானவர் மனைக்கு அடியில் 12-ஆம் நூற்றாண்டுப் பண்ணையார் மாளிகையின் கல் நிலவறை இருந்தது.