சின்ன அறக்கட்டளைக்கு நன்கொடை: 80ஜி உண்மையில் எவ்வளவு தருகிறது?

மாலை வகுப்பு நடத்தும் சங்கம், வெள்ளம் வந்தால் ஊருக்கே சமைத்துப் போடும் அறக்கட்டளை. இப்படிப்பட்ட சின்ன அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கும்போது பலரும் முதலில் கேட்பது, "80ஜி இருக்கா?" என்பதுதான். நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு அது. இருந்தால் என்ன கிடைக்கும் என்பதில்தான் குழப்பம்.

பத்தாயிரம் கொடுத்தால் கட்ட வேண்டிய வரியில் பத்தாயிரம் குறையும் என்று நினைக்காதீர்கள். இந்த அமைப்புகளுக்குத் தரும் தொகையில் பாதி, அதாவது 5,000 ரூபாய், உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து மிச்சமாவது 1,040 ரூபாய். எவ்வளவு பெரிய தொகை கொடுத்தாலும், மற்ற கழிவுகள் போக மீதமுள்ள வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள்.

அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. 2023-24 முதல், நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய வரிமுறைதான். அதில் 80ஜி சலுகை கிடையாது. சம்பளக்காரர்கள் பலர் இது தெரியாமலேயே ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் செல்லும். அதற்கு மேல் என்றால் வங்கி, யூபிஐ அல்லது காசோலை வழியாகக் கொடுங்கள். அரிசி மூட்டை, போர்வை போன்ற பொருள்களுக்குக் கழிவு இல்லை.

வெறும் ரசீது இப்போது போதாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அமைப்பு 10பிடி படிவத்தில், நிதியாண்டு முடிந்து மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் வரும். அதனால் கொடுக்கும்போதே பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். பட்டியல் தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் அமைப்பின் தலையில் விழும். முழுநேர கணக்கர் இல்லாத சங்கத்துக்கு இது பெரிய சுமை. கணக்கு வேலை தெரிந்தவர் மே மாதத்தில் ஓரிரு மாலை உட்கார்ந்து இந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்தால், அது நன்கொடையைவிடப் பெரிய உதவி என்பேன்.

அமைப்பு நடத்துபவர்களுக்கும் ஒன்று. ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிட்டால் 80ஜி தானாக வராது; வருமான வரித்துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புதிய அமைப்புக்கு முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது அந்தப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, எது முந்தியோ அதற்குள் நிரந்தர வகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிரந்தரமும் ஐந்து ஆண்டுக்குத்தான்! பலர் கோட்டைவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

80ஜி இல்லை என்பதாலேயே ஓர் அமைப்பைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கினால் அப்போது யோசிக்கலாம். அப்புறம், இங்கே சொன்ன பிரிவு, படிவ எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதற்குப் பிறகு கொடுக்கும் தொகைக்கு எண்கள் வேறாக இருக்கும்.