டீச்சர் மாறும்போது கூடவே என்ன போகிறது?

எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில், நான்காம் வகுப்புக்கு ஒரே ஆண்டில் மூன்று டீச்சர்கள். முதலில் இருந்தவர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்தவர் மாற்றுப்பணியில் வந்து மூன்று மாதம் இருந்தார். பிறகு ஒரு தற்காலிக ஆசிரியர். வகுப்பு ஒருநாளும் ஆளில்லாமல் கிடக்கவில்லை. கணக்குப்படி ஒரு குறையும் கிடையாது.

அந்த வகுப்பில் ஒரு பையனுக்கு இடது காது மந்தம். முதல் டீச்சர் அதைக் கவனித்து, இடப்பக்கச் சுவரை ஒட்டி அவனை உட்கார வைத்திருந்தார். கேட்கிற காது வகுப்பின் பக்கம் இருக்கும். இரண்டாவது டீச்சர் வந்ததும் உயரத்தைப் பார்த்து இடம் மாற்றினார். நியாயமான காரியம்தான், குட்டைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரிய வேண்டுமே. பையன் வலது ஓரம், ஜன்னல் பக்கம் போனான். 'கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், கவனமே இல்லை' என்று இரண்டு மாதம் பெயர் வாங்கினான். அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவனே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். தன் பெயரையே இன்னும் தடுமாறிக் கூப்பிடுகிற ஒருவரிடம் போய், ஒன்பது வயதுப் பிள்ளை தன் குறையைச் சொல்லுமா?

ஒரு பையனின் கதையை வைத்து முடிவுக்கு வர முடியாதுதான். பெரிய அளவில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் மேத்யூ ரோன்ஃபெல்ட், சூசன்னா லோப், ஜேம்ஸ் விக்காஃப் மூவரும் நியூயார்க் நகரப் பள்ளிகளின் 4, 5ஆம் வகுப்பு மதிப்பெண்களை எட்டு ஆண்டுகளுக்கு எடுத்து அலசினார்கள். சுமார் 8.5 லட்சம் பதிவுகள். முடிவு 2013இல் வெளியானது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர்கள் அதிகம் ஓடுகிற பள்ளி பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. மதிப்பெண் குறைந்தால் அதற்குக் காரணம் வறுமையா, ஆசிரியர் போனதா? அதனால் அவர்கள் பள்ளியைப் பள்ளியோடு ஒப்பிடவில்லை. ஒரே பள்ளியின் ஒரே வகுப்பை எடுத்து, ஆசிரியர்கள் நிறையப் பேர் மாறிய ஆண்டையும் மாறாத ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாறிய ஆண்டுகளில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் இறங்கியது. ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அதிகம் படிக்கும் பள்ளிகளில் அடி இன்னும் பலமாக விழுந்தது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதற்கடுத்த முடிவு. தங்கள் டீச்சர் எங்கும் போகாத பிள்ளைகளுக்கும் மதிப்பெண் குறைந்திருந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் போனதால் இவர்களுக்கு ஏன் நஷ்டம்? பள்ளிக்கூடத்துக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. புதிதாக வந்தவருக்கு எல்லாம் சொல்லித் தர வேண்டும். ஆள் வரும்வரை இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருவார் என்று டீச்சர்கள் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொள்கிற விஷயங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. அதைச் சுமக்கிற நாலு பேரில் இரண்டு பேர் போனால் பாதி ஞாபகம் போய்விடுகிறது.

இனி உடம்புக்குள் வருவோம். டீச்சரின் சோர்வு பிள்ளையின் உடம்பில் தெரியுமா? கனடாவின் வான்கூவர் பகுதியில் ஈவா ஓபர்லே, கிம்பர்லி ஷோனெர்ட்-ரைக்ல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 17 வகுப்புகளில், 4 முதல் 7ஆம் வகுப்பு வரை படிக்கும் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் எச்சில் சேகரித்தார்கள். எச்சிலில் அவர்கள் தேடியது கார்டிசால் என்ற ஹார்மோன்.

மூளை ஒரு நெருக்கடியை உணர்ந்தால், அதன் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்லும். அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் இறங்கி, சர்க்கரை அளவைக் கூட்டி, உடம்பைத் தயார் நிலைக்குக் கொண்டுவரும். கார்டிசால் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்புவதிலும் அதற்குப் பங்குண்டு. விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பொழுது சாயச் சாய இறங்கும். அளவு கூடினால் 'போதும், நிறுத்து' என்று மூளைக்கே தகவல் போகும். நெருக்கடி தினசரி வழக்கமானால் இந்த நிறுத்தும் ஏற்பாடு தளர்ந்துபோகும். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய. அதனால் படிப்பும் இதில் மாட்டுகிறது.

2016இல் வெளியான அந்த வான்கூவர் ஆய்வில், வேலையில் சலித்துச் சோர்ந்துபோனதாகச் சொன்ன ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை நேரக் கார்டிசால் அதிகமாக இருந்தது. டீச்சரின் சோர்வு பிள்ளைக்குத் தொற்றியதா, அடங்காத வகுப்பு டீச்சரைச் சோர வைத்ததா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பதினேழே வகுப்புகள், ஒரே கட்டத்தில் எடுத்த அளவு. ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழற்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தச் சோர்வை அளக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் தன் சகாவோடு 1981இல் வெளியிட்டது. அது மூன்று விஷயங்களைத் தேடும். மனம் வற்றிப்போதல், 'நான் செய்து என்ன ஆகிவிட்டது' என்ற எண்ணம், எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல். மூன்றாவது வந்துவிட்டால் பிள்ளை வெறும் ரோல் நம்பர். அந்த ஆசிரியர் மாறுதல் வாங்காமல் முப்பது வருஷம் அதே நாற்காலியில் இருந்தாலும், பிள்ளையைப் பொறுத்தவரை அவர் எப்போதோ போய்விட்டவர். ஆட்களைப் போகவிடாமல் பிடித்து வைத்தால் போதும் என்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

போகட்டும் என்று விடுவதிலும் நியாயம் உண்டு. வாஷிங்டன் டி.சி.யில் மதிப்பீட்டில் மிகக் கீழே வந்த ஆசிரியர்கள் வெளியேறி, அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தபோது பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஆள் மாறுவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

தெரிந்த முகம் என்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறதா என்றும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரே ஆசிரியரிடம் இரண்டாவது வருஷமும் படித்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். கொஞ்சம்தான். ஆனால் இதற்குக் காசு செலவில்லை. ஹூஸ்டனில் நேர்மாறாக, ஆரம்ப வகுப்புகளிலேயே பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் வைத்துப் பார்த்தார் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர். கணக்கில் கெட்டிக்காரர் கணக்கு மட்டும் எடுத்தால் மதிப்பெண் கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். குறைந்தது. வருகையும் குறைந்தது, ஒழுங்குப் பிரச்சினைகள் கூடின. ஒவ்வொரு ஆசிரியரும் நிறையப் பிள்ளைகளைப் பார்க்க நேர்ந்ததால் யாரையும் சரியாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று.

ஆசிரியர்கள் தங்குவதற்குச் சம்பளம் முக்கியம், அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். இன்று மிச்சம் இருப்பவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பது பெரும்பாலும் பி.டி. பீரியடிலும் டிராயிங் பீரியடிலும்தான். அந்த முகங்களை நிரந்தரமில்லாமல் வைத்திருந்தோம். சம்பளத்தை அடுத்து, நியூயார்க் நடுநிலைப் பள்ளிகளில் ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் குழுவினர் பார்த்ததில், தலைமை சரியாக இருந்து பள்ளியில் பாதுகாப்பும் கூடிய இடங்களில் ஆசிரியர்கள் வெளியேறுவது குறைந்தது. ஹெச்.எம். சரியாக இருந்தால் பஸ் மாறிப் போகிற ஊரிலும் டீச்சர்கள் நின்றுவிடுவார்கள் என்று நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் சொல்வதும் இதுதான்.

அந்த முதல் டீச்சர் போகும்போது எழுதிக் கொடுத்த பொறுப்பு ஒப்படைப்புத் தாளை ஒருமுறை பார்த்தேன். பீரோ சாவி 2. மேசை 1. நாற்காலி 2. சுவர்க் கடிகாரம் 1, பழுது. கணித உபகரணப் பெட்டி 1. பதிவேடுகள் 4. மாணவர்கள் 31.