குழந்தையின் முதல் தூண்டிலுக்குப் புழு வேண்டாம்: சிறிய ஸ்பின்னர்பெய்ட் பற்றிச் சில விளக்கங்கள்

மினசோட்டா ஏரிகளில் மீன் கணக்கெடுப்புப் பணியில் இருப்பதால், கோடையில் பொதுத் தூண்டில் மேடைகளுக்கு வரும் குடும்பங்களோடு பேசும் வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைக்கிறது. அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இப்போது கணிசமாக உண்டு. ஏறக்குறைய எல்லோரும் ஒரே விதமாகத்தான் தொடங்குகிறார்கள்: ஒரு டப்பா மண்புழு, ஒரு தக்கை, ஒரு சிறு முள். தக்கை அமிழும் நேரத்தில் குழந்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர் கவனித்து இழுப்பதற்குள் புளூகில் மீன் முள்ளைத் தொண்டைக்குக் கீழே விழுங்கிவிட்டிருக்கும். பிறகு இடுக்கியை வாய்க்குள் விட்டுத் திருகி, முறுக்கி, ஒருவழியாக முள்ளைப் பிடுங்கி, செவுளில் ரத்தம் கசியக் கசிய மீனை ஏரியில் விடுகிறார்கள். அது நீந்திப் போவதைப் பார்த்து நிம்மதியும் அடைகிறார்கள். அப்படிப் போகிற மீன்களில் பல பிழைப்பதில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை.

இதற்கு நான் சொல்லும் மாற்று எளியது. புழுவையும் தக்கையையும் ஒதுக்கிவிட்டு, 1/16 அல்லது 1/8 அவுன்ஸ் எடையுள்ள ஒரு சிறிய ஸ்பின்னர்பெய்டைத் தூண்டில் நரம்பில் கட்டிக்கொடுங்கள். கிராம் கணக்கில் இவை ஏறத்தாழ 1.8, 3.5 ஆகும். ஊக்கைத் திறந்து வைத்தாற்போன்ற வளைந்த கம்பிதான் இதன் உடல். கம்பியின் கீழ்க்கையில் எடையுள்ள தலையும் முள்ளும், அதைப் போர்த்திய ரப்பர் போன்ற மென்மையான புழு வடிவமும் இருக்கும். மேல்கையில் சிறிய உலோகத் தகடு ஒன்று சுழலும். பீட்டில் ஸ்பின் என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக விற்கப்படுவது இந்த வகைதான். மெப்ஸ் போன்ற நேர்க்கம்பி ஸ்பின்னர்கள் வேறு. அவற்றில் பெரும்பாலும் மும்முனை முள் இருக்கும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். குழந்தைகள் கையில் மும்முனை முள்ளைக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை.

நகர்ந்துகொண்டே இருக்கும் இரையை மீன் ஆற அமர விழுங்க முடியாது. துரத்தி வந்து கவ்வுகிறது. கவ்விய அதே கணத்தில் நரம்பு இறுக்கமாகவே இருப்பதால் முள் பெரும்பாலும் உதட்டிலோ வாயின் ஓரத்திலோ தைக்கிறது. உதட்டில் தைத்த முள்ளைக் கழற்றச் சில நொடிகள் போதும். புழுவைவிட இது மேல் என்று நான் வலியுறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே. இரண்டாவது காரணம், தூண்டில் தண்டைப் பிடித்திருக்கும் குழந்தைக்கு இதில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கிறது என்பது.

அந்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் தவறுவது இங்கேதான். ஐந்து அல்லது ஆறடி நீளமுள்ள அல்ட்ராலைட் எனும் மிக இலேசான தண்டு, நரம்பைச் சுற்றும் சிறிய ரீல், 4 முதல் 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு ஆகியவை போதும். நீர்ச்செடிகள் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பை ஒட்டி வீசுங்கள். விழுந்தவுடன் சுற்றத் தொடங்காமல், மூன்று நான்கு எண்ணும் வரை மூழ்க விடுங்கள். மூழ்கும்போதும் தகடு சுழன்றபடியே இறங்கும், அப்போதே கவ்வும் மீன்களும் உண்டு. பிறகு, தகடு சுழல்வதற்கு எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு மட்டும் சுற்றுங்கள். தகடு சுழல்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. தண்டின் நுனியில் ஓயாத மெல்லிய அதிர்வாக அது கைக்கு வந்துசேரும். அதிர்வு சட்டென்று நின்றால் தகட்டில் பாசி சிக்கியிருக்கிறது, அல்லது மீன் கவ்வியிருக்கிறது. மீனின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு என்ற புலனுறுப்பும் இதே அதிர்வைத்தான் உணர்கிறது. கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாத இரையை பாஸ் மீன் கண்டுபிடிப்பதற்கு அது பெரிதும் உதவுகிறது. ஆகவே கலங்கல் நீரில் அதிக அதிர்வு தரும் வட்டமான கொலராடோ தகடும், தெளிந்த நீரில் மினுமினுப்பு மிகுந்து அதிர்வு குறைந்த நீண்ட வில்லோ இலைத் தகடும் பொருந்தும். சிறிய அளவுகளில் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கொலராடோவே. தொடங்குபவருக்கு அதுவே நல்லது, மெதுவாகச் சுற்றினாலும் அது சுழலும்.

ஒரு பெரிய மீனைப் பிடித்த பிறகோ, கட்டையில் மாட்டி இழுத்த பிறகோ கம்பி கோணிக்கொள்ளும். அதன் பிறகு இரை ஒருபக்கமாகச் சாய்ந்து வரும், மீன் சீண்டாது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன்னால், இரையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மேல்கம்பியும் தலையும் முள்ளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, விரலாலேயே கம்பியை நிமிர்த்துங்கள்.

லார்ஜ்மவுத் பாஸும் புளூகில்லும் கிராப்பியும் ஒரே சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் கவ்வும் விதம் வேறு. பாஸுக்குப் பெரிய வாய். ஒரே அடியில் முழு இரையையும் எடுத்துக்கொள்ளும். புளூகில்லின் வாயோ மிகச் சிறியது. ரப்பர் வாலை மட்டும் கடித்துக் கடித்துப் பார்க்கும். தண்டின் நுனியில் தட்டல் மட்டும் வந்து மீன் மாட்டாவிட்டால் இரையின் உடல் நீளமாக இருக்கிறது என்று பொருள். அரை அங்குலம் கத்தரித்துவிடுங்கள், அல்லது 1/32 அவுன்ஸுக்கு இறங்குங்கள். கிராப்பியின் வாய்த்தோல் எளிதில் கிழியக்கூடியது, அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. முள்ளின் முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் அதிகம் தப்பிவிடாதா என்று கேட்பார்கள். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் அவ்வளவாகத் தப்புவதில்லை; தப்பினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்த முள் குழந்தையின் விரலில் தைத்தால் எளிதாக வெளியே வரும் என்பது எனக்கு அதைவிட முக்கியம். வீசும்போது எல்லோரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பான காப்புப்படலத்தை உரித்துவிடும். புளூகில்லின் முதுகுத் துடுப்பு முட்கள் குத்தக்கூடியவை, எனவே தலைப்பக்கத்திலிருந்து வால் நோக்கிக் கையை வழித்துப் பிடியுங்கள். எவ்வளவு கவனித்தும் முள் ஆழமாகப் போய்விட்டதென்றால், பிடுங்க முயலாமல் நரம்பை வாயோரம் வெட்டி விட்டுவிடுவதே மீனுக்கு நல்லது. பிடுங்கப்பட்ட மீன்களைவிட இவ்வாறு விடப்பட்டவை அதிகம் பிழைப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

புழுவைப் பற்றி இன்னொன்று. பனிப்பாறைகள் மூடிக் கிடந்த நிலம் என்பதால் மினசோட்டாவுக்கு உரிய மண்புழு என்று எதுவுமே இல்லை. இங்கிருப்பவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. நம் ஊர் வயலுக்கு நன்மை செய்யும் மண்புழு இங்குள்ள மேப்பிள் காடுகளின் சருகுப் படுகையைத் தின்று தீர்த்து, அதை நம்பி முளைக்கும் செடிகளை அழிக்கிறது. மிச்சமான புழுக்களைப் பாவம் என்று கரையோர மண்ணில் விடுபவர்கள் தயவுசெய்து குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

ஸ்பின்னர்பெய்டிலும் குறை இல்லாமல் இல்லை. மலிவானவற்றின் தலை ஈயத்தால் ஆனது. லூன் என்ற நீர்ப்பறவை, இரையை அரைப்பதற்காக ஏரியடிக் கூழாங்கற்களை விழுங்குகிறது. அறுந்து கிடக்கும் ஈயமும், நரம்பறுத்துப் போன மீனோடு சேர்ந்த ஈயமும் அதன் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. ஒரு பறவையைக் கொல்ல ஒரு சிறு ஈயக்குண்டு போதும். ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவாகவும் உள்ள ஈயக்குண்டுகளையும், முள்ளோடு சேர்ந்த ஈயத்தலைகளான ஜிக்குகளையும் நியூ ஹாம்ப்ஷயர் 2016 முதல் தடை செய்திருக்கிறது; தடையின் கீழ் எவையெவை அடங்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். லூனை மாநிலப் பறவையாகக் கொண்ட மினசோட்டாவில் மாநிலம் முழுவதற்குமான தடை இல்லை. ஆனாலும் வெள்ளீயம், பிஸ்மத், டங்ஸ்டன் தலையுள்ளவற்றைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான்.

கடைசியாக, பிடித்த மீனில் எதை வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி. மே இறுதியிலிருந்து கரையோர மணலில் வட்டவட்டமாகக் குழிகள் கூட்டமாகத் தெரியும். அவை புளூகில்லின் கூடுகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண் மீன் வாலை வீசி முட்டைகளைக் காத்து நிற்கும். அதன் மேலாக ஸ்பின்னர்பெய்ட் போனால், பசிக்காக அல்ல, விரட்டுவதற்காகவே அது பாய்ந்து கவ்வும். ஆகவே ஊரிலேயே பெரிய ஆண் மீன்களை ஒரே மாலையில் வாளி நிறையப் பிடித்துவிட முடிகிறது. பெரிய ஆண்கள் போய்விட்டால், சிறிய ஆண்கள் வளர்வதை நிறுத்தி இளமையிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன. சில ஆண்டுகளில் அந்த ஏரி முழுவதும் உள்ளங்கை அளவு மீன்களாகவே நிற்கும். அதை மீண்டும் சரிசெய்வது எங்களுக்கு மிகக் கடினம். வறுப்பதற்கு ஆறு, ஏழு அங்குல மீன்கள் தாராளமாகப் போதும். எட்டு அங்குலத்துக்கு மேற்பட்டவற்றை, குறிப்பாகக் கூட்டில் நிற்பவற்றை, விட்டுவிடுங்கள். புளூகில் போன்ற சன்ஃபிஷுக்கு, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய மாநிலப் பொது வரம்பு 20 என்றாலும், பல ஏரிகளில் அது 10 ஆகவோ 5 ஆகவோ குறைக்கப்பட்டிருக்கிறது. படகுத் துறையின் அறிவிப்புப் பலகையிலும் மாநில விதிப்புத்தகத்திலும் அந்த ஏரியின் பெயருக்கு எதிரே எந்த எண் இருக்கிறது என்று பார்த்த பிறகே வாளியில் மீனைப் போடுங்கள்.