"படிக்கிற பொண்ணு ஊசி போட வேணாம்"

போன வாரம், இரவு 2 மணி. நெஞ்சுவலியோடு வந்த 58 வயதுக்காரருக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துவிட்டார் டூட்டியில் இருந்த பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டர். மாரடைப்பு. வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்ததும், "ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை உடனே போடும்மா" என்றேன். ஒப்புதல் படிவத்தை நீட்டினால் மகன் கையெழுத்துப் போடவில்லை. "படிக்கிற பொண்ணு ஊசி போட வேணாம், பெரிய டாக்டர் வரட்டும்." போனில் நானே சொல்லியும் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதே மருந்து, அதே அளவு. கடைசியில் போட்டதும் அதே பொண்ணுதான். நடுவில் போனது 50 நிமிடம். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் எக்கோவில் இதயம் பலவீனமாகத் தெரிகிறது. அதில் அந்த 50 நிமிடத்துக்கும் பங்கு உண்டு.

ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

பி.ஜி. என்பவர் டாக்டராகிவிட்டு மேலே படிப்பவர். இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை, ஆகவே கணக்கோடு சொல்கிறேன். எம்.பி.பி.எஸ். பாடம் 4.5 வருடம். பிறகு 1 வருடம் சி.ஆர்.ஆர்.ஐ.; நீங்கள் ஹவுஸ் சர்ஜன் என்பீர்களே, அது. மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்றிச் சுற்றி வேலை. அப்போது கையில் இருப்பது தற்காலிகப் பதிவு மட்டுமே. இந்த 5.5 வருடமும் முடித்த பிறகுதான் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. அன்று முதல் அவர் தனியாக கிளினிக் வைக்கலாம். உங்கள் தெருவில் போர்டு மாட்டினால் டோக்கன் வாங்கிக் காத்திருப்பீர்கள். அதே ஆள் நீட் பி.ஜி. எழுதி எம்.டி.யில் சேர்ந்து எங்கள் வார்டுக்கு வந்தால் எப்படி "படிக்கிற பொண்ணு" ஆகிறார்?

அன்றிரவு இருந்தவர் எம்.டி. இரண்டாம் வருடம். எம்.டி., எம்.எஸ். இரண்டுமே 3 வருடம். இதயம், நரம்பு என்று போனால் டி.எம்., எம்.சிஎச். இன்னும் 3. ஆக, இதய நிபுணர் ஒருவர் உருவாகக் குறைந்தது 11.5 வருடம். கடைசிப் பரீட்சை முடிகிறவரை அவரும் ஏட்டில் மாணவர்தான்.

ஹவுஸ் சர்ஜனிடம் தயங்குவது எனக்குப் புரிகிறது. அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்பவர்கள். "யூனிட்டில் எந்தப் பெரிய டாக்டரிடம் கேட்டீங்க?" என்று தாராளமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேள்வி கேட்பது உங்கள் உரிமை. கேட்டுக்கொண்டே வைத்தியத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. பட்டமே இல்லாமல் காய்ச்சலுக்கு ஊசி போடுகிறவரிடம் யாரும் "எங்கே படிச்சீங்க?" என்று கேட்பதில்லை. மருந்துச்சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நெஞ்சுவலி என்று வந்தால் அந்தப் பொண்ணு கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? முன்பு பக்கவாதம், மூளையில் ரத்தக்கசிவு ஏதாவது உண்டா? சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா? நான் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன்.