கடல் மட்டமும் நீலகிரிச் சதுப்பும்

நீலகிரியில் புல்வெளி மீட்பு வேலை செய்கிறேன். சீகை (வாட்டில்) என்னும் வெளிநாட்டு மரங்களை அகற்றுவது, நாட்டுப் புல் நடுவது, சதுப்புகளைப் பாதுகாப்பது இதெல்லாம் அன்றாட வேலை. ஊர்க் கூட்டங்களில் துருவப் பனி என்று பேச்செடுத்தால், "கடல் தண்ணி ஊட்டிக்கு ஏறி வந்துருமாங்க சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, வராது. ஆனால் துருவப் பனி சொல்லும் வரலாற்றில் ஒரு பகுதி நம் சதுப்புச் சேற்றுக்குள்ளும் இருக்கிறது.

அண்டார்டிகாவில் ஆழத் துளையிட்டு எடுத்த பனியில், பழைய காலத்துக் காற்று குமிழ் குமிழாகச் சிக்கியிருக்கிறது. அதை அளந்து 8 லட்சம் ஆண்டுக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். கடுங்குளிர் நிலவிய பனியுகங்களில் கரியமில வாயு காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 180 பங்கு. இடையில் வந்த வெப்பக் காலங்களில் 280, மிஞ்சினால் 300. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், அந்த அளவு 200க்கும் கீழே இருந்தபோது, வட அமெரிக்காவின் வட பகுதியும் வட ஐரோப்பாவும் பனிக்குள் கிடந்தன. அவ்வளவு நீர் நிலத்தில் உறைந்ததால் கடல் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே தரைதான். அப்போது நம் மலை எப்படி இருந்தது? ஆர். சுகுமாரும் சக விஞ்ஞானிகளும் நீலகிரிச் சதுப்பு மண்ணின் கார்பனை ஆராய்ந்து 1993ல் விடை வெளியிட்டார்கள். வறட்சியும் குறைந்த கரியமில வாயுவும் தாங்கும் புல்வகை அன்று இங்கே ஓங்கியிருந்தது. துருவம் மாறும்போது நம் மலையும் மாறியிருக்கிறது.

"அப்போ இதெல்லாம் இயற்கைதானே?" என்பவர்களும் உண்டு. பனியுகம் முடியத் தொடங்கியதற்குக் காரணம் பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் வந்த மாற்றம். லேசாகச் சூடேறிய கடல் கரியமில வாயுவை வெளியே விட, அந்த வாயு சூட்டை மேலும் கூட்டியது. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போது நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து, அதைவிடப் பெரிய கரியமில வாயு உயர்வை இருநூறு ஆண்டுக்குள் நாமே கொண்டுவந்துவிட்டோம்.

மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் அநேகமாக உயராது. நிலத்தின் மேல் இருக்கும் பனிதான் ஆபத்து. கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுதும் உருகினாலே கடல் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்கு ஆயிரம் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் இன்று விடும் புகைதான் அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. 1900லிருந்து இதுவரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. பனி உருகியது பாதிக் கதை. சூடேறிய கடல்நீர் விரிவதும் ஒரு பெரிய காரணம்.

சரி, இதில் மலைக்காரர்களுக்கு என்ன வேலை? நம் சோலையும் புல்வெளியும் சதுப்பும் பிடித்துவைக்கும் நீர் பவானியாகி, காவிரியில் சேர்ந்து, டெல்டாவுக்குப் போகிறது. கடல் உயரும்போது உப்புநீர் நிலத்தடியில் உள்ளே வரும். அதை எதிர்த்து நிற்பது ஆற்றின் நன்னீர். மேலே நாம் சதுப்பை வற்றவைத்தால் கீழே நாகப்பட்டினத்துக்காரருக்கும் அது இழப்பு.

கேரட் போடுவதற்காகச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தோடர்கள் கோயில் கூரை வேயும் புல் வளர்வதும் இப்படிப்பட்ட ஈரத்தில்தான். நீர் வடிந்து காற்றுப் பட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் கிடந்த கறுப்பு மண் மக்கத் தொடங்கி, கரியமில வாயுவாக வெளியேறும். உலகக் கணக்கில் நம் சதுப்பு சிறியதுதான். ஆனால் அழிந்தால் நம் ஆயுளில் திரும்ப வராது.

உங்கள் நிலத்தை ஒட்டிச் சதுப்பு இருந்தால் அதில் கிணறோ குட்டையோ தோண்டாதீர்கள். ஏற்கெனவே வாய்க்கால் வெட்டியிருந்தால், இடையிடையே மண்ணும் கட்டையும் போட்டு அடைத்துவிடுங்கள். அப்புறம் நீர்மட்டம் தானாக மேலே வரும்; ஈரப் புல்லும் பின்னாலேயே வரும்.