லிஞ்ச் சிண்ட்ரோம்: கூட்டறிகுறியா, நோய்த்தொகையா?

‘சிண்ட்ரோம்’ என்னும் சொல்லுக்குள் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. முன்னது ‘உடன்’ என்றும், பின்னதாகிய ‘திரோமோஸ்’ ‘ஓட்டம்’ என்றும் பொருள்படும்; குதிரைப் பந்தயத் திடலைக் குறிக்கும் ‘ஹிப்போட்ரோம்’ என்பதன் பின்பாதியும் இதுவே. ஒரே நோயாளியிடம் பல அறிகுறிகள் சேர்ந்தே ஓடிவருவதைக் கண்ட பழைய கிரேக்க மருத்துவர்கள் அச்சேர்க்கையை இவ்வாறு அழைத்தனர். அதையொட்டி ஆக்கப்பட்ட ‘கூட்டறிகுறி’ என்ற சொல் தமிழில் வழங்கிவருகிறது. ஆனால் 50 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் மரபுக் காரணங்களுள் முதன்மையான லிஞ்ச் சிண்ட்ரோமுக்கு அச்சொல் பொருந்தாது. படிப்பவரைத் தவறான வழியில் செலுத்தவும் கூடும்.

ஏனெனில் இங்கே அறிகுறியே இல்லை. உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோருக்குக் கைப்பிழை நேர்வதுபோல அதிலும் பிழைகள் நேரும். அவற்றைக் கண்டு திருத்தும் புரதங்களை எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய மரபணுக்கள் ஆக்குகின்றன. இவற்றுள் ஒன்றின் பழுதுற்ற படியைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பெற்றவர், மற்றவரிடமிருந்து வந்த இன்னொரு படி நன்றாக இருக்கும்வரை எக்குறையும் இன்றி வாழ்கிறார். குடலின் ஓர் உயிரணுவில் அந்த நல்ல படியும் கெட்டுவிட்டால் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன. குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டியான பாலிப், பிறரிடம் பத்தாண்டு அளவில் புற்றாக மாறும்; இவரிடம் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மாறிவிடக்கூடும். ‘கூட்டறிகுறி’ என்று படிக்கும் 25 வயது இளைஞர், ‘எனக்கு ஓர் அறிகுறியும் இல்லையே’ என்று காத்திருந்தால், குழாய்க் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபியைத் தொடங்கவேண்டிய காலத்தை அவர் இழக்கிறார்.

இதே நிலைக்கு ‘பாலிப் இல்லாத மரபுவழிப் பெருங்குடல் புற்றுநோய்’ என்ற நீண்ட பெயரும் இருந்தது. பாலிப்பு இதிலும் தோன்றும், கருப்பை, சூலகம், இரைப்பை முதலியவற்றிலும் புற்று வரும் என்பதால் அப்பெயர் கைவிடப்பட்டது. உண்மையில் இதன் வரலாறு கருப்பைப் புற்றிலேயே தொடங்குகிறது. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில், தையல் வேலை செய்த ஒரு பெண், தம் குடும்பத்தில் பலரும் புற்றுநோயால் இறந்ததால் தாமும் அவ்வாறே இறக்கப்போவதாக ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் அறிஞரிடம் சொன்னார். பின்னர் கருப்பைப் புற்றால் இளவயதிலேயே இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தைப் பற்றி 1913இல் எழுதினார். 1966இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச் இத்தகைய இரண்டு குடும்பங்களை விவரித்தபோதும், புற்றுநோய் மரபாக வரும் என்பதை ஏற்கப் பலர் தயங்கினர். 1993இல் எம்.எஸ்.எச்.2 கண்டறியப்பட்டபின் ஐயம் நீங்கியது.

ஆகவே ‘லிஞ்ச் நோய்த்தொகை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘தொகு’ என்ற வினையிலிருந்து வரும் தொகை, எட்டுத்தொகை என்பதில் போலத் திரட்டப்பட்டதைக் குறிக்கும். ஒரு குடும்பத்தில் பல உறுப்புகளின் புற்றுகள் தலைமுறைதோறும் திரண்டு வருவதை அது சரியாகச் சுட்டுகிறது. அச்சொல்லுக்கு இலக்கணத்தில் இன்னொரு பொருளும் உண்டு. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ உருபு வெளிப்படாமல் தொக்கி நிற்பதால் அது வேற்றுமைத்தொகை. உருபு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருளை அதுவே நடத்துகிறது. தோற்றத்தில் நலமாக இருப்பவரின் உயிரணுக்களுள் தொக்கி நிற்கும் பழுதுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

‘நோய்’ என்ற முன்சொல் நலமாக இருப்பவரை வருத்தும் என்பது நியாயமான மறுப்பு. அதனால் புற்று வராதவரை ‘லிஞ்ச் நோயாளி’ என்று எழுதாமல் ‘லிஞ்ச் மரபினர்’ என்று எழுதலாம். அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுதுற்ற படி செல்ல 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதையும் அச்சொல் நினைவூட்டும்.