இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள்

நீண்ட விடுமுறை முடிந்ததும் பண்டாரவளையில் எங்கள் கராஜுக்கு வரும் கார்களில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான்: தேய்ந்து மினுங்கும் பிரேக் பேட், நீலம் பாய்ந்த டிஸ்க். ஓட்டி வந்தவர்கள் மோசமான சாரதிகள் அல்ல. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே வேகத்தைக் குறைக்க பிரேக் போதும். இங்கே மலை இறக்கத்தில் போதாது.

எல்லயில் இருந்து வெல்லவாய சுமார் 27 கிலோமீற்றர். அதற்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். ஆயிரம் கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி 20 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியை, குறைந்த கியரில் காரை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் வாங்காவிட்டால் பிரேக்தான் வாங்கவேண்டும். டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் 140 வரைக்கும் இறங்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். பெடலை மிதித்தால் அந்த ஆவிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது.

சரி, கியரை எப்படிக் குறைப்பது? வளைவுக்கு முன், ரோடு நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் கிளட்சை மிதித்து நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றுங்கள். கிளட்சை விடும் முன் ஆக்சிலரேட்டரை இலேசாக ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் வேகம் புதிய கியருக்கு ஏற்ப உயரும், கார் குலுங்காது. தட்டாமல் கிளட்சைப் படாரென்று விட்டால், மழை ஈரத்தில் சக்கரம் வழுக்கிவிடும். இன்னும் வேகம் குறைந்ததும் இதேபோல் இரண்டுக்கு வாருங்கள். வளைவுக்குள் கிளட்சை மிதித்தபடி போகவே வேண்டாம். எஞ்சின் உறுமுவதைக் கேட்டுப் பயந்து பலர் உடனே மேல் கியருக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீற்றரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஏற எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்கு என்பது பழைய லொறிச் சாரதிகளின் கணக்கு. இன்றைய கார்கள் மூன்றிலேயே ஏறிவிடுவதால், செங்குத்தான இடங்களில் அதைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள்.

பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம். மிச்சமும் இல்லை. இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க அது தொடர்ந்து குடிக்கும்.

கருகிய வாடை வந்தால் மட்டமான இடத்தில் நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவேண்டாம், விரிசல் விழலாம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் காரை அசைக்காமல், பக்கத்துக் கராஜுக்குப் போன் பண்ணுங்கள்.